பங்காவுக்குக் கீழே ஓர் இடம்

அன்னபாக்கியம் டீச்சரின் பிடரி என் கண்ணுக்கு நேரே இருக்கிறது, தேவபிச்சை ஐயர் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார், போதகராக இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்தான், அதற்குள் எங்களை நன்றாகப் புரிந்துகொண்டு நீளமாகப் பேசுகிறார், இன்றைக்கு யோனா, ஆமணக்குச் செடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கடவுளோடு முறைத்துக்கொண்ட ஆசாமி, அவனுக்காவது ஒரு செடி இருந்தது, எனக்கு மேலே தேக்கு உத்திரமும் ஒட்டடையும்தான். முன் பெஞ்சுக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது, அந்தக் காற்று டீச்சரின் தோளில் நழுவிக் கிடக்கிற முக்காட்டு ஓரத்தை ஆட்டிவிட்டு அதோடு முடிந்துபோகிறது. மே மாதத்தில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாலும் வெளிநாடுதான். பிரசங்கம் முடிந்ததும் ஒரு பாட்டு, பாட்டு முடிந்ததும் அறிவிப்பு, அறிவிப்பில் என் மகள் ஜெமிமாவுக்கும் டீச்சரின் அண்ணன் மகன் இன்பராஜுக்கும் மூன்றாவது ஓலை. கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும், தடை சொல்ல யாராவது இருந்தால் எழுந்து சொல்லவேண்டும், மூன்றாவதும் தாண்டிவிட்டால் அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது, வியாழக்கிழமை கல்யாணம். டீச்சர் எழுந்து சொல்லப் போகிறாள். அப்படித்தான் மார்க்கெட்டில் கருவாட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள், கருவாட்டுக்காரியிடம் சொன்னால் ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி என்று தெரியாதவளா அவள், காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவள். மனதுக்குள் அவள் இவள் என்றுதான் வருகிறது, வெளியே டீச்சர்தான், கர்த்தர் இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஜெமிமா இங்கே இல்லை. ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்கு வரக்கூடாது, தங்கள் ஓலையைத் தாங்களே காதால் கேட்டால் ஆகாது என்று எங்கள் சபையில் ஒரு வழக்கம், வேதத்தில் எங்கேயும் இல்லை, ஆனால் வேதத்தில் இருக்கிறதையெல்லாம் மீறுகிறவர்கள்கூட இதை மீறமாட்டார்கள். அதனால் அவள் வீட்டில் ஆட்டுக்கறியைக் குக்கரில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஏற்றினாளா. விசிலை எண்ணுடி என்று சொல்லிவிட்டு வந்தேன், எண்ணுகிற நிலைமையில் இருக்கிறாளா. போன ஞாயிறு இதே பதட்டத்தில் கறி கரியாகிப்போய், என் வீட்டுக்காரர் பாக்கியதாஸ் எலும்பை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு ருசியாகத்தான் இருக்கிறது என்றார். அதோ ஆண்கள் பக்கத்தில், யோனா கப்பலின் அடித்தட்டில் தூங்கினான் என்று ஐயர் சொல்வதற்கு முன்பே அவர் அடித்தட்டுக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும்தான் தூக்கம் இல்லை. முதல் ஓலை வாசித்த அன்று, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஐயர் நிறுத்தினாரே, அந்த இடத்தில் டீச்சர் இருமினாள். ஒரே ஓர் இருமல். கோயிலே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது ஓலைக்கு அவளுடைய குடை விழுந்தது. தானாக விழ முடியாத இடத்திலிருந்து விழுந்தது. சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் ஆராதனைக்கும் துப்பாக்கியோடுதான் வந்தார்களாம், கடவுள்மேல் அவ்வளவு நம்பிக்கை, அதைச் சாய்த்து வைக்க ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். இப்போது அதில் குடை நிற்கிறது, கைத்தடி நிற்கிறது, சந்தைக்குப் போய்விட்டு நேரே வந்த ஒருத்தியின் முருங்கைக்காய்க் கட்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். துப்பாக்கியே விழாமல் நின்ற பள்ளத்திலிருந்து குடை விழுமா, தட்டினால்தான் விழும். முதலில் இருமல், அப்புறம் குடை, இன்றைக்கு ஆளே எழுந்துவிடுவாள்.

துரைக்கோயில் என்றால்தான் ஊரில் தெரியும், போர்டில் பரிசுத்த பர்னபா ஆலயம் என்று எழுதியிருப்பது தபால்காரருக்கு மட்டும் பயன்படும், தபால் ஆபீஸில் ஸ்டாம்பு விற்றவள் சொல்கிறேன். கம்பெனிக்காரன் பட்டாளத்தைக் கொண்டுவந்து இறக்கியபோது கட்டியது. கருப்பட்டியும் கடுக்காயும் முட்டை வெள்ளையும் போட்டு அரைத்த சுண்ணாம்பு, அதனால்தான் சுவரில் எறும்பு ஏறுகிறது என்று பாக்கியதாஸ் சொல்வார், அவர் சொல்வதில் பாதி சரியாக இருக்கும், எந்தப் பாதி என்பதுதான் தெரியாது. கோபுரம் வானத்தை முட்டவேண்டும் என்று திட்டம், பாதியில் மேலிடம் பணத்தை நிறுத்திவிட்டது, கிடைத்த உயரத்தில் ஒரு தொப்பியைக் கவிழ்த்து முடித்துவிட்டார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் உரல் கோபுரம் என்று கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும், இடி விழாத கோபுரம் எங்களுடையதுதான். மணி தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கி மாட்டுவண்டியில் வந்தது, ஆற்று மணலில் வண்டி புதைந்துபோய் ஊரே வந்து வடம் பிடித்து இழுத்தது. இழுத்தவர்கள் வாசலோடு சரி. உள்ளே துரைமார், துரைசானிமார். நம் ஆட்கள் வெளியே வராந்தாவில் படுத்துக்கொண்டு, கால் பெருவிரலில் கயிற்றைக் கட்டிப் பங்கா இழுத்தார்கள், சுவர் ஓட்டை வழியாகக் கயிறு உள்ளே போய்த் துணித்தட்டி ஆடி அவர்களுக்குக் காற்று. வெளியே கண் அசந்தால் உள்ளே வியர்க்கும், உள்ளே வியர்த்தால் வெளியே உதை. பாக்கியதாஸின் பாட்டனுக்குப் பாட்டன் அப்படிப் படுத்தவர்களில் ஒருவர், குடும்பத் தொழில்தான், இவர் உள்ளே உட்கார்ந்துகொண்டே தூங்குகிறார். அந்த ஓட்டைகளில் இப்போது குருவி கூடு கட்டியிருக்கிறது, ஐயர் நினிவே என்று குரலை உயர்த்தும்போதெல்லாம் உள்ளேயிருந்து கீச்கீச்சென்று பதில் வருகிறது.

எத்தனை பங்கா தொங்கினாலும் ஒன்றின் காற்றுதான் நன்றாக வந்ததாம். இதோ, இந்த பெஞ்சின் மேலே தொங்கியது. தூண் இடிப்பதால் குட்டையாகப் போட்ட பெஞ்சு, இரண்டு பேருக்குத்தான் இடம். கேப்டன் ஹார்கிரீவ் ஒரு ஞாயிறு வந்து பார்த்தால் அதில் லெப்டினென்ட் பெல்லமி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். எழுந்திரு என்றான் இவன், மாட்டேன் என்றான் அவன். மே மாதமாகத்தான் இருக்கவேண்டும், மார்கழியில் ஒருத்தனும் காற்றுக்காகச் சாகமாட்டான். மறுநாள் விடியும்போது ஆற்றங்கரையில் ஆளுக்கொரு கைத்துப்பாக்கி, பெல்லமி விழுந்துவிட்டான், மீசை சரியாக முளைக்காத வயசு. சக அதிகாரி ஒருவரின் கையால் மாண்டார் என்று அவன் கல்லில் இங்கிலீஷில் இருக்கிறது, எந்த அதிகாரி என்று இல்லை, மரியாதைக்காக விட்டுவிட்டார்கள், அதை நம் சமையல்காரர்களும் பங்கா இழுத்தவர்களும் வாய்வழியே காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஹார்கிரீவ் அடுத்த கோடையைப் பார்க்கவில்லை, காய்ச்சல், சாகும்போது அந்தப் பையன் பக்கத்திலேயே என்னைப் போடுங்கள் என்று கேட்டானாம். போட்டார்கள். இரண்டு கல்லறைக்கும் நடுவே ஒரு வேப்பமரம், நிழல் இரண்டுக்கும் சமமாக விழுகிறது. இரண்டு பேர் உட்காரக்கூடிய பெஞ்சு, சண்டை போட்டதும் இரண்டே பேர்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், இன்றைக்கு வரவில்லை, டீச்சர் கையைக் குடையின் கைப்பிடியில் வைத்திருக்கிறாள்.

வைத்துவிட்டு எடுத்துவிட்டாள். சும்மா வைத்திருக்கலாம். எனக்குத்தான் எல்லாமே துப்பாக்கியாகத் தெரிகிறது. வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போனபோது கடைசிப் பாதிரியார் சாவியை எங்கள் ஆட்களிடம் கொடுத்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து, இவர்களுக்கு இனி யார் இருக்கிறார்கள் என்று அழுதுவிட்டாராம். அழுகிற ஆளைக் கண்டால் எங்கள் சனத்துக்குத் தாங்காது. அன்றைய உபதேசியார், யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டு எடுத்தார்களே, அதுபோல வீட்டுக்கு ஒரு கல்லறை என்று சீட்டுப் போட்டுவிட்டார். அன்று முதல் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குச் சொந்த அப்பன் ஆத்தாளுக்கு வெள்ளையடித்த கையோடு துரைக்கும் வெள்ளையடித்துப் பூப் போட்டு மெழுகுவர்த்தி ஏற்றவேண்டும். கர்னல் கிடைத்த குடும்பம் மறுநாளிலிருந்தே கர்னல் மாதிரி நடக்க ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. டாக்டர் விழுந்த வீட்டில், நம்ம டாக்டர் துரை மானத்த வாங்காதல என்று பிள்ளைகளை அடித்து அடித்துப் படிக்கவைத்து, இப்போது இரண்டு பல் டாக்டரும் ஒரு மாட்டு டாக்டரும் இருக்கிறார்கள். தையற்கடை வேதமுத்து வீட்டுக்கு விழுந்தது ஒரு கைக்குழந்தை, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது, கல்லில் மகள் என்று மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் வருஷாவருஷம் ஒரு கிலுகிலுப்பை வாங்கி வைத்துவிட்டு வருவார்கள். அன்றைக்கே ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போய்விடும். பிள்ளை கையிலதான போவுது, எந்தப் பிள்ளையா இருந்தா என்ன, என்பார் வேதமுத்து. எங்கள் வீட்டுச் சீட்டில், என் மாமனார் எடுத்ததில், ஹார்கிரீவ் வந்தான். டீச்சரின் அப்பாவுக்குப் பெல்லமி.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் மில்லுக்குப் போனவர்கள், ஒருவர் மிதிக்க ஒருவர் பின்னால். ஒரு நவம்பரில் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளையடித்துக்கொண்டிருந்த டீச்சரின் அப்பா, "என்ன இருந்தாலும் ஒங்க ஆளு எங்க ஆளச் சுட்டுப்புட்டான்லா" என்றார். மாமனார் பேசாமல் வெள்ளையடிக்கிற மட்டையை வாளியில் முக்கியிருக்கலாம். "அடுத்தவன் எடத்துல உக்காந்தா சுடாம, மடியில வச்சித் தாலாட்டவா செய்வாக?" என்றார். சுண்ணாம்பு வாளி கவிழ்ந்தது. மறுநாளிலிருந்து இரண்டு சைக்கிள். கரண்டு வந்து, பழைய பங்காக் கொக்கியிலேயே ஃபேனை மாட்டினார்கள், மாட்டிய அந்த ஞாயிறே டீச்சரின் அப்பா தன் வீட்டுப் பெண்களைக் கொண்டுவந்து இந்த பெஞ்சில் உட்காரவைத்து, இப்ப சுடச் சொல்லு பாப்பம் என்று சொல்லிவிட்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து இது அவர்கள் பெஞ்சு. இதற்கு நேர் பின்னால் இருப்பது எங்கள் பெஞ்சு, நாங்களும் விட்டுக்கொடுத்து நகரமாட்டோம், காற்று வராவிட்டாலும் மானம் இருக்கிறது. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு என் மாமியார் என்னை இங்கே உட்காரவைத்துக் காதுக்குள், "முன்னால இருக்கது கொலைப்பட்டவன் வகையறா, நாம பேசுறதில்ல" என்றார். "கொன்னது யாரு அத்தை?" என்றேன். "நாமதான்" என்றார், தலையை நிமிர்த்திக்கொண்டு. எந்தக் குடும்பத்தில் கொண்டுவந்து தள்ளினார்கள் என்று அன்றைக்கு ஆராதனை முழுக்க நடுங்கினேன். பிறகு ஸ்டாம்பு கவுன்ட்டரில் டீச்சர் வந்து நிற்பாள், காசை வைப்பாள், நான் ஸ்டாம்பை வைப்பேன், ஒரு வார்த்தை கிடையாது, ரிட்டயர் ஆகிற வரைக்கும் அப்படியே.

இந்த லட்சணத்தில் இந்த இரண்டு பிள்ளைகளும் கண்டுகொண்டது எங்கே, கல்லறையில். எங்கள் வாளியில் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது, இன்பராஜ் வேப்பமரத்தைச் சுற்றி வந்து தன் வாளியிலிருந்து கொஞ்சம் ஊற்றினான், ஹார்கிரீவின் கால்மாட்டைப் பெல்லமியின் சுண்ணாம்பால் அடித்தாள் என் மகள். அடுத்த வருஷம் அவளாகவே பாதி வாளியோடு போனாள். எனக்கு அப்போதே புரிந்திருக்கவேண்டும், சுண்ணாம்பு கிலோ என்ன விலை விற்றுவிட்டது, தீர்ந்துபோவதற்கு. நல்ல பையன். தாய் இல்லாத பிள்ளை, தகப்பனும் குவைத்துக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம், டீச்சர்தான் வளர்த்தாள், அவனுக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். பெண் கேட்க வந்தபோது தூரத்துச் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான், அத்தைக்குக் கோபம் ஆறிடும் என்றான், சொல்லும்போதே அவன் குரலில் நம்பிக்கை இல்லை. கொலைகாரன் வீட்டில் எம்புள்ளைக்குப் பெண்ணா என்றாளாம். பாக்கியதாஸ் சொல்கிறார், இதெல்லாம் தடையே இல்லை, சபைச் சட்டத்தில் செல்லாது, ஐயர் உட்காரச் சொல்லிவிடுவார். சட்டம் உட்காரச் சொல்லும், சனம் உட்காருமா. இந்தக் கோயிலில் ஓலைக்கு ஆள் எழுந்த கதை ஒன்றே ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பாண்டு மாஸ்டருக்கு மூன்றாவது ஓலை வாசித்தபோது, கடைசி வரிசையில் பெங்களூரிலிருந்து வந்த ஒருத்தி இடுப்புப் பிள்ளையோடு எழுந்து, எனக்குத் தெரிந்த தடை இதோ என்று பிள்ளையைத் தூக்கிக் காட்டினாளாம். தப்புச் செய்தவன் அதற்குப் பிறகும் ரொம்ப காலம் இங்கே பாண்டு வாசித்தான். ஒரு தப்பும் செய்யாத மணப்பெண்தான் ஊரைவிட்டுப் போனாள், அவள் பெயரை இன்றைக்கும் சொல்கிறார்கள். இதுதான் என் பயம். சண்டை தோற்றால் தோற்றுப்போகட்டும், என் பிள்ளையின் பெயரோடு ஒரு கதை ஒட்டிக்கொள்ளக்கூடாது. தோசைக்கல்லில் ஒட்டினால் சுரண்டலாம், ஊர் வாயில் ஒட்டினால் சுரண்ட முடியாது.

ஐயர் ஆமணக்குச் செடிக்குப் பூச்சி அனுப்பிவிட்டார், செடி வாடிவிட்டது, யோனாவின் தலையில் வெயில் படுகிறது, நான் எரிச்சலாயிருக்கிறது நல்லதுதான் என்கிறான் யோனா, சாகிற வரைக்கும் எரிச்சலாக இருப்பானாம். டீச்சரின் பிடரியில் குட்டிக்குரா பவுடர் வியர்வையில் கோடாக இறங்கியிருக்கிறது. ஃபேனுக்குக் கீழே இருந்துமா வியர்க்கிறது. கொண்டை சிறுத்துப்போய்விட்டது, எப்போது இவ்வளவு சிறுத்தது, வருஷக்கணக்காக இதைப் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறேன், ஊக்கு மாறியது கவனித்திருக்கிறேன், முடி உதிர்ந்ததைக் கவனிக்கவில்லை. இந்தப் பிடரியை எனக்குத் தெரிந்த அளவு என் சொந்தக்காரர்களில் யாரையும் தெரியாது. அவள் தம்பி செத்த அன்று இது குனிந்து கிடந்தது தெரியும், ஜெமிமா பத்தாவதில் கணக்கில் நூறு வாங்கிய செய்தியை அப்போதிருந்த ஐயர் அறிவித்தபோது இது நிமிர்ந்ததும் தெரியும், அவள் வகுப்புப் பிள்ளை அல்லவா, சண்டை அன்றைக்கு மட்டும் ஒரு விரற்கடை தள்ளி நின்றது. வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் வீட்டில் யார் இருப்பார்கள். பிள்ளைகள் திருநெல்வேலியில் வீடு பார்த்திருக்கிறார்கள், வேலை அங்கே. அவள் சாயங்காலம் ஒருத்திக்காக உலை வைப்பாளா, வைக்கமாட்டாள், ரொட்டியை டீயில் முக்கித் தின்றுவிட்டுப் படுப்பாள். இதை ஏன் நான் இத்தனை நாள் நினைக்கவில்லை. கொலைகாரன் வீடு என்பது சும்மா வாயில் கிடந்த வார்த்தை, எடுத்து வீசிவிட்டாள், ஒற்றையாகிப்போவேன் என்று கருவாட்டுக்காரியிடம் சொல்ல முடியுமா. ஆனால் அது தெரிந்துவிட்டால் மட்டும் எனக்குப் பயம் போய்விடுமா, போகவில்லை, பாவமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது, பயந்தவள்தான் எழுந்து நிற்பாள். விசில் அடங்கியிருக்கும். அடுப்பை அணைத்திருப்பாள். அணைத்தாளா.

ஆமென் என்றுவிட்டார். பாக்கியதாஸ் சரியாக ஆமெனுக்கு விழித்துக்கொண்டார், அந்தக் கலை அவருக்குத்தான் வரும். ஆர்மோனியம் முனகுகிறது, எல்லோரும் எழுந்து நிற்கிறோம், பாட்டு எண் தூணுக்கு அப்பால் பலகையில் தொங்குகிறது. டீச்சர் பாமாலைப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். புத்தகத்தில் எப்போதும் பஸ் டிக்கெட் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஆராதனைக்கு முன்னால் இன்பராஜ் வந்து, பலகையைப் பார்த்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு டிக்கெட் வைத்துக் கொடுத்துவிட்டு ஆண்கள் பக்கம் போவான், இதையும் நான் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன், பிள்ளை அத்தைக்குச் செல்லம் கொடுக்கிறான் என்று நினைத்திருக்கிறேன். இப்போது டிக்கெட் ஒன்றும் இல்லை. அவன் வராத மூன்றாவது ஞாயிறு. அவளுக்குப் பலகை தெரியவில்லை. கணக்கு டீச்சர், எண் தெரியவில்லை என்று பக்கத்தில் யாரிடம் கேட்பாள், பக்கத்தில்தான் யாரும் கிடையாதே, இரண்டு பேர் பெஞ்சில் ஒரு கைப்பையும் அவளும். சபை முதல் அடியைப் பாடிவிட்டது. அவள் வாய் அசைகிறது, கை இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறது, திறந்திருப்பது கிறிஸ்மஸ் பாட்டு. எனக்கு என்னவோ செய்துவிட்டது. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன், யோசிக்கவில்லை, முன்னால் குனிந்து, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தப் புத்தகத்தை அவள் கையிலேயே வைத்துப் பக்கங்களைத் தள்ளிப் பாட்டை எடுத்து, இரண்டாவது அடியில் விரலை வைத்தேன். பெண்கள் பக்கம் முழுக்க ஒரு நிமிஷம் பாட்டு மெலிந்துபோனது. டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கட்டைவிரல் வந்து, நான் வைத்த இடத்தில் உட்கார்ந்தது. பாடினாள். மூன்றாவது அடி வந்தபோது என் குரலும் அவள் குரலும் ஒரே சுருதியில் தப்பாகப் போய்க்கொண்டிருந்தன.

உட்கார்ந்தோம். ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பெண்கள் ஐக்கியக் கூட்டம் செவ்வாய்க்கிழமை, சரி. ஓய்வுநாள் பள்ளி லீவு, சரி. யாரோ ஒரு பச்சைக் குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், வாசியுங்கள் ஐயரே, வாசியுங்கள். திருமண ஓலை, மூன்றாம் முறை, இன்பராஜ், ஜெமிமா, இவர்கள் இணைவதற்குத் தகுந்த தடை எவருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே சொல்லவேண்டும். நிறுத்தினார். குருவிகூடச் சத்தம் போடவில்லை. டீச்சரின் கை குடைக்குப் போனது. பள்ளத்திலிருந்து குடை வெளியே வந்தது, அதைத் தரையில் ஊன்றி, டீச்சர் எழுந்து நின்றாள். கர்த்தாவே. ஆண்கள் பக்கம் பாக்கியதாஸ் பாதி எழுந்து பாதி உட்கார்ந்து நடுவில் நிற்கிறார். ஊரே வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. ஜெமிமா, அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலை மூடிக்கொள் பிள்ளை, ஒன்றும் கேட்காதே. ஐயர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அம்மா, ஏதாவது தடை சொல்லுதீகளா?"

"தடையா? எனக்கென்ன தடை? எடம் விடுததுக்கு எந்திரிச்சேன் ஐயரே, நீங்க வாசிங்க."

கைப்பையை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்து ஒதுங்கி நின்றார், தூணோரத்து இடம் காலியாக இருந்தது, முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பினார், இத்தனை வருஷம் பிடரியைப் பார்த்தவளுக்கு அந்த முகம் புதுசாக இருந்தது, மூக்குத்தி போட்ட துளை தூர்ந்திருந்தது.

"அங்கன கிடந்து எதுக்கு வேகுதீக மைனி? உள்ள போய் உக்காருங்க. ரெண்டு பேரு உக்காருத பெஞ்சுதான் இது."

மைனி. சம்பந்தம் பண்ணிக்கொண்டவர்கள் ஒருத்தரையொருத்தர் கூப்பிடுகிற வார்த்தை, வயது பார்ப்பதில்லை, மூத்தவளும் மைனி இளையவளும் மைனி. என் கால் எனக்கு முன்பே எழுந்துவிட்டது. எப்படி நடந்தேன் என்று தெரியாது, தூணோரம் போய் உட்கார்ந்தேன், டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குடையைப் பள்ளத்தில் வைத்தார். ஐயர் ஒன்றும் புரியாமல், தடை இல்லை என்று அறிவித்தார். கர்னல் வீட்டம்மாள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. டீச்சர் நேரே பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல், வகுப்பில் பேசுகிற பிள்ளைகள் மாதிரி கேட்டார்.

"சுட்டுப்புட மாட்டீகளே?"

"துப்பாக்கிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன் மைனி."

அவர் தோள் குலுங்கியது. சிரிப்பு என்றுதான் நினைத்தேன், பாதி அதுதான், மீதி வேறு. "எம்புள்ள ஞாயித்துக்கிழமையாவது வருவாம்லா?" என்றார், கேட்டது எனக்கே சரியாக விழவில்லை.

"ரெண்டு பேரும் வருவாக. ஒருத்தர் டிக்கெட்டு வப்பாக, ஒருத்தர் உலை வப்பாக. வராத வாரம் நான் இருக்கேன், நம்ம வீட்டுலதான் சாப்பாடு. இன்னைக்கே வாங்க, ஆட்டுக்கறி."

"கரிஞ்சிருக்காதே?"

ஊருக்கே தெரிந்திருக்கிறது. கருவாட்டுக்காரி. நான் முக்காட்டை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன், சந்தோஷம் தாங்கவில்லை, இப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பிள்ளை பிறந்த அன்றுதான் இருந்தது. காணிக்கைப் பாட்டு ஆரம்பமாகிவிட்டது, டீச்சர் புத்தகத்தை என் மடியில் வைத்தார், பாட்டை எடுத்தேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. கழுத்தில், காதுக்குப் பின்னால், ரவிக்கை முதுகில், எங்கெங்கும் காற்று. என் மாமியார் ஆயுசு முழுக்க வாங்காத காற்று. சும்மா சொல்லக்கூடாது, இந்தக் காற்றுக்கு ஒருத்தன் துப்பாக்கியைத் தூக்கினான் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை.